அயோவா 2020: காசா, கைகுலுக்கலா?

வாசகர் ஒருவர், 2020 ஜனவரி 11

நீங்கள் அயோவாவில் இருப்பதால் கேட்கிறேன். ஒரு வருடமாக, டிரம்பை எதிர்த்து நிற்கக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் பார்க்கும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லோரும் உங்கள் ஊரில் பன்றிக்கறியும் சோளமும் தின்றுகொண்டு திரிகிறார்கள். எதற்கு? அதே போட்டியில் இருக்கும் பெரும் பணக்காரர் புளூம்பெர்க் அந்தப் பக்கமே வரவில்லை. டிவி விளம்பரத்தில் கொட்டுகிறார். மார்ச் 3 அன்று 14 மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும், அன்றோடு கதை முடியும். கைகுலுக்கி ஓட்டு வாங்கிய காலம் போய்விட்டது. இல்லை என்பீர்களா?

ஜனவரி 12

இல்லை என்றுதான் சொல்வேன்.

அயோவாவின் தலைநகர் டி மாயினை ஒட்டிய புறநகரில் பதினொரு வருடமாக இருக்கிறேன். எனக்கு இது மூன்றாவது காக்கஸ், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர்க்காரர்கள் கூடும் கூட்டம். நாட்டிலேயே முதலில் இங்கேதான். இந்த மாதம் வாசல் மணி அடித்தால் கூரியர்காரர் இல்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, கையில் அட்டையோடு, குளிரில் மூக்கு சிவந்து நிற்கும். யாரை ஆதரிக்கிறீர்கள் என்று கேட்கும். எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான் என்றதும் முகம் தொங்கிவிடும். பாவமாக இருக்கும், டீ போட்டுக் கொடுப்பேன். நாலு வேட்பாளர்களின் ஆட்கள் எங்கள் வீட்டில் ஏலக்காய் டீ குடித்திருக்கிறார்கள்.

வீட்டில் ஓட்டு இருப்பது ஒரே ஆளுக்கு, மகளுக்கு. வயது 17. தேர்தல் நாளான நவம்பர் 3-க்குள் 18 நிறைந்துவிடும் என்றால் காக்கஸில் கலந்துகொள்ளலாம் என்பது இங்கே விதி. பதினெட்டு வருடமாக வரி கட்டும் அப்பனுக்கு இல்லாதது, இன்னும் கார் கண்ணாடியைச் சுரண்டத் தெரியாத அவளுக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு போன் வருகிறது, எல்லாம் அவளுக்கு.

ஜனவரி 12, இரவு

சேர்க்க மறந்தேன். சின்ன மாநிலம், 32 லட்சம் பேர், பெரும்பாலும் வெள்ளையர், இதை எதற்குப் பொருட்படுத்த வேண்டும் என்பவர்களுக்கு 1976-ஐ நினைவுபடுத்துகிறேன். ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டரை வெளியூரில் யாருக்கும் தெரியாது. அயோவாவில் வீடு வீடாகப் போனார், முதலிடம் பிடித்தார், ஜனாதிபதி ஆனார்.

ஜனவரி 14

திருத்தம். கார்ட்டர் முதலிடம் இல்லை. அந்த வருடம் முதலிடம் ‘யாருக்கும் இப்போது உறுதி சொல்ல மாட்டோம்’ என்று நின்ற கூட்டத்துக்கு. கார்ட்டர் இரண்டாவது. நோட்டா ஜெயித்து, அடுத்தவர் கோட்டைக்குப் போன மாதிரி. என் வாதம் இதனால் பலவீனமாகிறதா, பலமாகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 24

யார் யார் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நேரில் பார்த்த வரைக்கும்:

எலிசபெத் வாரன் பேசி முடித்ததும் செல்ஃபிக்கு வரிசை நிற்கும், கடைசி ஆள் வரை நின்று எடுத்துக்கொள்வார். என் மனைவி நாற்பது நிமிடம் நின்றாள். ஓட்டு இல்லாதவள் என்று சொன்ன பிறகும் வாரன் சிரிப்பைக் குறைக்கவில்லையாம். பீட் பூட்டிஜெஜ், 38 வயது, இந்தியானாவில் சவுத் பெண்ட் என்ற ஊரின் மேயராக இருந்தவர். அவர் பெயரைச் சொல்லவே நான் ஒரு மாதம் பழகினேன், இனி பீட் என்றே எழுதுகிறேன். பேச்சு வழவழவென்று இருக்கும், வீட்டுக்கு வந்தபின் என்ன சொன்னார் என்று யோசிக்க வேண்டும். ஏமி குளோபுச்சர் பக்கத்து மின்னசோட்டாக்காரர், இங்குள்ள 99 கவுண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போய்விட்டார். பெர்னி சாண்டர்ஸ் 2016-இல் போட்டியிட்டபோது பேசியதையே பேசுகிறார். அவர் பலமே அதுதான்.

பைடன் ‘நோ மலார்கி’ என்று எழுதிய பஸ்ஸில் வந்தார். கப்ஸா வேண்டாம் என்று அர்த்தம். அந்தச் சொல்லைப் புழங்குகிறவர்கள் எல்லோருக்கும் பேரன் பேத்தி இருக்கிறார்கள். கூட்டம் குறைச்சல். பேச்சு பாதியில் வேறெங்கோ போகிறது. ஆனால் முடிந்ததும் கீழே இறங்கி, சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரிடம் பத்து நிமிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான். மகளிடம் சொன்னேன். ‘அப்பா, அவருக்கு 77’ என்றாள்.

அவள் ஆள் ஆண்ட்ரூ யாங். பதினெட்டு வயதான எல்லோருக்கும் மாதம் 1000 டாலர் தருவதாகச் சொல்கிறார். அவளுக்கு அக்டோபரில் 18. கொள்கைப் பிடிப்பு என்கிறாள். யாங் ஆட்கள் ‘கணக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதிய நீலத் தொப்பி போட்டுக்கொள்கிறார்கள். இவளும் வாங்கிவிட்டாள். கணக்கில் வாங்கிய மார்க்கைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போது செனட்டர்களான சாண்டர்ஸ், வாரன், குளோபுச்சர் மூவரும் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணைக்காக வாஷிங்டன் செனட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பைடனும் பீட்டும் இங்கே சுற்றுகிறார்கள். கைகுலுக்கல்தான் முக்கியம் என்றால் அவர்கள் இருவரும் ஏற வேண்டும். பார்ப்போம்.

ஜனவரி 25

கமலா ஹாரிஸை விட்டுவிட்டேன் என்று மூன்று பேர். விடவில்லை, அவர்தான் டிசம்பர் 3 அன்றே போட்டியை விட்டுவிட்டார். ஜூன் மாத விவாதத்தில் பைடனை அவர் மடக்கிய அன்று, அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் எங்கே இருக்கிறது என்று என் அலுவலகத்தில் கேட்டார்கள். மன்னார்குடி பக்கம் என்று சொல்லி மன்னார்குடி எங்கே என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. அவர் விலகும்போது சொன்ன காரணம் பணம் இல்லை என்பது. முதல் கேள்வி கேட்டவருக்கு இதில் ஒரு மார்க் தருகிறேன்.

ஜனவரி 30

ஒரு விஷயம் உறுத்துகிறது. இங்கே யாரிடம் கேட்டாலும் ‘எனக்கு இன்னாரைப் பிடிக்கும்’ என்று நிறுத்துவதில்லை. ‘ஆனால் மற்றவர்கள் போட மாட்டார்களே’ என்று ஒரு வால். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வாரனைப் பிடிக்கும், பெண்ணுக்கு ஊர் ஓட்டுப் போடாது என்று பயம். ஊர் என்றால் யார் என்று கேட்டேன். எதிர்வீட்டைக் காட்டினார். எதிர்வீட்டுப் புல்தரையில் பனிக்கு மேலே வாரன் பலகை நின்றுகொண்டிருந்தது.

டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவர் யார் என்பதே கேள்வி. ஆக ஒவ்வொருவரும் அடுத்தவர் மனதை ஊகித்து ஓட்டுப் போடப் போகிறார்கள். அப்படியானால் கைகுலுக்கியவரைப் பிடித்து என்ன, பிடிக்காமல் என்ன?

பிப்ரவரி 2

நேற்று இரவு வர வேண்டிய டி மாயின் ரெஜிஸ்டர் பத்திரிகையின் கருத்துக்கணிப்பு ரத்து. போனில் கேட்ட ஒருவர் பட்டியலில் பீட் பெயரைப் படிக்காமல் விட்டுவிட்டாராம். இந்த ஊரில் அந்தக் கணிப்பு வேதவாக்கு. அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாமல் எல்லோரும் தலையைச் சொறிகிறார்கள்.

பிப்ரவரி 4, அதிகாலை 1 மணி

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

காக்கஸ் நடந்த இடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடம். வந்தவர்கள் 242 என்று அறிவித்தார்கள். ஓட்டு இல்லாதவர்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு. நான், ஸ்வீடனிலிருந்து வந்த பத்திரிகையாளர் ஒருவர், அப்புறம் இரண்டு கைக்குழந்தைகள்.

தெரியாதவர்களுக்கு: ரகசிய ஓட்டு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, ஊரே பார்க்க நடந்துபோய் நிற்க வேண்டும். 15 சதவீதம் தேறாத மூலை கலைய வேண்டும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது தேறாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து தேறப் பார்க்கலாம். முதல் சுற்றில் தேறியவர்கள் அசையக் கூடாது, இது இந்த வருடப் புது விதி. போனமுறை ஆளைக் கடன் கொடுத்து வாங்கினார்கள், நானே பார்த்தேன். இப்போது அது முடியாது.

முதல் சுற்றில் பீட் 68, வாரன் 54, சாண்டர்ஸ் 45, குளோபுச்சர் 38. பைடன் 26! எட்டு வருடம் துணை ஜனாதிபதியாக இருந்தவருக்கு எங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் 26. யாங் மூலையில் 9 பேர், என் மகளையும் சேர்த்து. உதிரிகள் 3.

242-இல் 15 சதவீதம் 36. நான் பெஞ்சில் கணக்குப் போட்டேன்: 26, 9, 3, மொத்தம் 38. எல்லோரும் பைடனிடம் போனால் தேறிவிடுவார். பைடன் அணித் தலைவிக்கும் அதே கணக்கு. அடுத்த தெருப் பாட்டி அவர், முட்டிவலிக்காரர், நொண்டிக்கொண்டே யாங் மூலைக்கு வந்தார். உங்களில் ஒருவரையே கவுண்டி மாநாட்டுக்கு எங்கள் பிரதிநிதியாக அனுப்புகிறோம் என்றார். கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவை நீட்டினார். பிள்ளைகள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவராக நகர ஆரம்பித்தார்கள்.

என் மகள் நகரவில்லை. பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். இவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. என் ஆள் பைடன், என் பெண் அங்கே, நான் வாயைத் திறக்கக் கூடாத பெஞ்சில். கண்ணால் ஜாடை காட்டலாமா என்றுகூட யோசித்தேன். ஸ்வீடன்காரர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார், விட்டுவிட்டேன். அவள் நேராக வாரன் மூலைக்குப் போய் நின்றாள்.

இரண்டாம் எண்ணிக்கை. பைடன் 36. நான் கைதட்டிவிட்டேன். நடத்துனர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! 36.3 என்றால் 37 வேண்டுமாம். பின்னம் வந்தால் மேலேதான் போகும். நேரம் முடிந்தது. 36 பேரின் ஓட்டு, பூஜ்யம். பாட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

காரில் நான் பேசவில்லை. பாதி வழியில் ‘நான் மட்டும் காரணம் இல்லை, அப்பா’ என்றாள். உண்மைதான். 38-இல் அவளைக் கழித்தால் 37, தேறியிருக்கும். இன்னும் யாரோ ஒருவர் நழுவியிருக்கிறார்.

பிப்ரவரி 4, மாலை

முடிவு இன்னும் வரவில்லை! முடிவு அனுப்பக் கட்சி கொடுத்த புதுச் செயலி படுத்துவிட்டது, போன் போட்டால் எடுப்பாரில்லை. எங்கள் நடத்துனர் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார். பீட் நேற்றிரவே ஜெயித்த தோரணையில் பேசிவிட்டு நியூ ஹாம்ப்ஷயருக்குப் பறந்துவிட்டார்.

பிப்ரவரி 5

‘நீங்கள் கொடுத்த எண்களைக் கூட்டினால் 243 வருகிறதே, வந்தவர்கள் 242 என்கிறீர்களே’ என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். யாங்கும் உதிரியும் நான் பெஞ்சிலிருந்து எண்ணியது, ஐயா. ஒன்று கூடக் குறைய இருக்கும். கட்சிக்கே இரண்டு நாளாகக் கூட்டத் தெரியவில்லை, என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?

பிப்ரவரி 9

ஒருவழியாக: பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) கணக்கில் பீட் 14, சாண்டர்ஸ் 12, வாரன் 8, பைடன் 6, குளோபுச்சர் 1. தலைக்கணக்கில் சாண்டர்ஸ் முதலிடம். இருவரும் ஜெயித்தோம் என்கிறார்கள். 2012-இல் குடியரசுக் கட்சி இங்கே ரோம்னி 8 ஓட்டில் வென்றதாக அறிவித்து, இரண்டு வாரம் கழித்து இல்லை, சாண்டோரம் 34 ஓட்டில் என்று மாற்றியதும் நினைவிருக்கிறது. எண்ணுவதில் எந்தக் கட்சியும் சளைத்ததில்லை.

வாஷிங்டனில் மாட்டிக்கொண்ட சாண்டர்ஸ் மேலே, ஊரெல்லாம் சுற்றிய பைடன் நாலாவது. ஜனவரி 24-இல் நான் போட்ட கணக்கு பாதி சரி, பாதி தப்பு. அதாவது தப்பு.

பிப்ரவரி 12

நியூ ஹாம்ப்ஷயரில் பைடன் ஐந்தாவது, 8.4 சதவீதம். எண்ணி முடிக்கும் முன்பே தெற்குக் கரோலினாவுக்குப் போய்விட்டார். பைடன் கதை முடிந்தது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாங் நேற்றிரவு விலகிவிட்டார். நீலத் தொப்பி அலமாரிக்குள் போனது. 1000 டாலரும்.

பிப்ரவரி 20

நேற்று லாஸ் வேகஸ் விவாதம். புளூம்பெர்க் முதன்முறையாக மேடையில் நின்றார், வாரன் அவரை உரித்துத் தொங்கவிட்டார். பெண் ஊழியர்களை வாய் திறக்கவிடாமல் போட்ட ஒப்பந்தங்களைப் பற்றிக் கேட்டபோது அவர் விழித்த விழி. விளம்பரத்தில் வரும் புளூம்பெர்க் யாரோ, மேடையில் நின்றவர் யாரோ. முதல் கேள்வி கேட்டவர் எங்கே, ஆளையே காணோம்?

பிப்ரவரி 23

அவர் வந்துவிட்டார்: ‘விவாதத்தை யார் பார்க்கிறார்கள், டெக்சாஸில் திருப்பிய பக்கமெல்லாம் புளூம்பெர்க் விளம்பரம்’ என்கிறார். உண்மைதான், ஹூஸ்டனில் இருக்கும் என் மச்சானும் சொன்னார், யூடியூபில் சமையல் பார்க்கப் போனால் முதலில் புளூம்பெர்க்தான் தாளிக்கிறாராம். மச்சான் குடியுரிமை வாங்கியவர், முன்கூட்டியே வரிசையில் நின்று பீட்டுக்குப் போட்டுவிட்டார். கெட்டிக்காரத்தனம் என்று பெருமை வேறு.

நெவாடாவில் நேற்று சாண்டர்ஸ் அமோகம். இனி அவர்தான்.

மார்ச் 1

பிப்ரவரி 12-இல் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னதை அழித்துவிடுங்கள்.

தெற்குக் கரோலினாவில் பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல். 1988, 2008, இப்போது என்று மூன்று முறை ஜனாதிபதி பதவிக்கு முயன்றவர், ஒரு மாநிலத்தில் முதன்முறையாக ஜெயித்தது நேற்றுதான். புதன்கிழமை அந்த மாநில எம்.பி. ஜிம் கிளைபர்ன் ‘எங்களுக்கு ஜோவைத் தெரியும், ஜோவுக்கு எங்களைத் தெரியும்’ என்கிற மாதிரி ஒரு பேச்சுப் பேசி ஆதரித்தார். அங்கே வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அவர்களுக்கு இது ஒரு மாத அறிமுகம் இல்லை, பல வருடப் பழக்கம். நாங்கள் இங்கே ஒரு வருடம் டீ போட்டுக் கொடுத்து ஆளை எடை பார்த்தோம், அவர்கள் எப்போதோ பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இரவு சேர்த்தது: பீட் விலகிவிட்டார். மச்சானுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 4

14 மாநிலங்களில் பைடனுக்கு 10. மின்னசோட்டா, மாசசூசெட்ஸ், மேய்ன் எல்லாம் அவர் பிரசாரம் என்று பெரிதாக எதுவும் செய்யாத இடங்கள். குளோபுச்சர் திங்களன்று விலகி, பீட்டோடு சேர்ந்து டல்லாஸில் அவரை ஆதரித்தார், மறுநாளே மின்னசோட்டா பைடன் பக்கம் சாய்ந்தது. வாரன் தன் சொந்த மாநிலத்தில் மூன்றாவது. அத்தனை செல்ஃபியும் என்னவாயிற்று?

புளூம்பெர்க் 50 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்துக்குச் செலவழித்து வென்ற ஒரே இடம் அமெரிக்கன் சமோவா. பசிபிக்கில் இருக்கிறது, நானும் வரைபடத்தில் தேடித்தான் பார்த்தேன். இன்று விலகிவிட்டார்.

ஆக, வாசகரே, காசு தோற்றது. கைகுலுக்கலும் தோற்றது. ஜனவரி 30 குறிப்பைத் திரும்பப் படித்தேன். எல்லோரும் அடுத்தவர் மனதை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். தெற்குக் கரோலினா விடையைச் சத்தமாகச் சொன்னது, மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 6

மேலே எழுதியது கொஞ்சம் அதிகம் என்று மகள் சொல்கிறாள். பைடனுக்குப் போட்டவர்கள் எல்லாம் காப்பியடித்தவர்கள் இல்லை, சிலருக்கு நிஜமாகவே அவரைப் பிடித்திருக்கும், உன்னைப் போல என்கிறாள். ஒப்புக்கொள்கிறேன். வாரன் நேற்று விலகினார். அவள் சாப்பிடாமல் மாடிக்குப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை, பெஞ்சில் பழகிய பழக்கம்.

மார்ச் 16

நேற்றைய விவாதத்தில் பார்வையாளர்களே இல்லை. பைடனும் சாண்டர்ஸும் முழங்கையை இடித்து வணக்கம் சொன்னார்கள். கைகுலுக்கலைப் பற்றி ஆரம்பித்த இழை இது. இனி இரண்டு வருடத்துக்கு யாரும் யார் கையையும் தொட மாட்டார்கள் போலிருக்கிறது.

ஏப்ரல் 9

விஸ்கான்சினில் செவ்வாயன்று முகமூடியோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். மில்வாக்கியில் வழக்கமாக 180 வாக்குச்சாவடிகள், இம்முறை ஐந்து. சாண்டர்ஸ் நேற்று விலகினார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 12

பைடன் கமலாவைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டு, நீ அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறாயா என்றார். தூரத்திலிருந்து, என்றேன். ஃபேமிலி குரூப்பில் அதற்குள் கைகுலுக்கினேன் என்று ஆகிவிட்டது.

2023 பிப்ரவரி 5

மூன்று வருடம் கழித்து இங்கே எழுதுகிறேன். நேற்று ஜனநாயகக் கட்சி முதலில் ஓட்டுப் போடும் இடத்திலிருந்து அயோவாவைத் தூக்கிவிட்டு 2024-க்குத் தெற்குக் கரோலினாவை முன்னால் வைத்துவிட்டது. பைடன் சொல்லித்தான். எங்கள் சாப்பாட்டுக்கூடத்தை அவர் மறக்கவில்லை என்று வீட்டில் கிண்டல்.

மகள் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறாள். இந்தப் பழைய இழையைக் காட்டினேன், முழுதும் படித்தாள். பிப்ரவரி 4 குறிப்பில் நின்றாள்.

‘ஒன்பது இல்லையே, எட்டுப் பேர்தான். உயரமாக, தொப்பி போட்டு ஒருவன் இருந்தானே, அவன் இல்லினாயிலிருந்து வந்த தொண்டன். அவனுக்கு ஓட்டே கிடையாது. உன் பெஞ்சில் உட்கார வேண்டியவன்.’

அப்படியானால் 26, 8, 3. மொத்தம் 37. அதில் அவள் ஒருத்தியைக் கழித்தால் 36. நழுவிய இன்னொருவர் என்று யாரும் இல்லை. 243 வருகிறதே என்று அன்றைக்குக் கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். ‘அன்றைக்கு உனக்கு ஓட்டு இருந்திருந்தால் அந்தப் பாட்டியோடு நின்றிருப்பாய், இல்லையா?’

ஆமாம். போன வருடம்தான் எனக்குக் குடியுரிமை வந்தது. போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். 243-இல் 15 சதவீதம் 36.45. அப்போதும் 37 தான் வேண்டும்.

37 இருந்திருக்கும்.